நாக்கு பச்சை, நெஞ்சில் இருமல், பெட்டியில் ஸ்பனர்: வனேடியம் பற்றிய ஒரு கேள்விக்கு

மருதமுனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவர் வளைகுடா நாடொன்றில், எண்ணெய் எரிக்கும் மின் நிலையத்தில் பொயிலர் துப்புரவு வேலைக்குப் போய் மூன்று கிழமை. வறட்டு இருமல் நின்றபாடில்லை. வீடியோ கோலில் நாக்கை நீட்டிக் காட்டினாராம், பச்சை. கேம்பில் இருப்பவர்கள் "அது வனேடியம், நஞ்சு" என்றார்களாம். வீட்டில் பார்த்தால், அவர் விட்டுப்போன ஸ்பனர் செட்டிலும் "குரோம் வனேடியம்" என்று அடித்திருக்கிறது. மாமி அதைக் குப்பையில் போடச் சொல்கிறா. போதாக்குறைக்கு ஜிம்முக்குப் போகும் தம்பி வனேடியம் மாத்திரை ஒரு போத்தல் வாங்கி வந்து, "சீனி வருத்தத்துக்கு நல்லதாம், உம்மாவுக்குக் குடுங்க" என்கிறாராம். ஒரே சாமான் எப்படி நஞ்சாகவும் மருந்தாகவும் ஸ்பனராகவும் இருக்க முடியும், புற்றுநோய் வருமா, அவரைத் திரும்பி வரச் சொல்லட்டுமா என்பதுதான் கேள்வி.

நான் கல்லடிக்காரன். வளைகுடாவில் பொயிலர் வேலையில் 11 வருடம், அதில் பின்பாதி பாதுகாப்புப் பிரிவில். வைத்தியர் இல்லை. ஆனால் இந்தச் சாம்பலை நானும் தின்றிருக்கிறேன்.

முதலில் ஸ்பனரை எடுத்துப் பத்திரமாக உள்ளே வையுங்கள், நல்ல சாமான். அந்த உருக்கில் வனேடியம் என்ற உலோகம் நூற்றுக்கு 0.15 முதல் 0.2 பங்குதான். ஒரு கிலோ ஸ்பனரில் இரண்டு கிராம் தேறாது. அதுவும் உருக்கிலுள்ள காபனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மணிகளாக இரும்புக்குள் பூட்டிக் கிடக்கிறது. அந்த மணிகள் இருப்பதால்தான் ஸ்பனர் இழுத்தால் வளையாமலும் தட்டினால் உடையாமலும் இருக்கிறது. 1908இல் ஹென்றி போர்ட் தன் மொடல் டி காருக்கு இந்த உருக்கைத்தான் எடுத்தார். இன்றைக்கும் உலகில் வருடம் ஏறத்தாழ ஒரு லட்சம் தொன் வனேடியம் எடுக்கிறார்கள் என்றால், அதில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட உருக்குக்கே போகிறது. பெரிய கட்டிடங்களுக்குப் போடும் உறுதி கூடிய கம்பியிலும் கொஞ்சம் இருக்கும். கையில் பிடிப்பதால் ஒன்றும் வராது. கிரைண்டர் பிடிக்கும்போது மட்டும் மாஸ்க் வேண்டும். அது எந்த இரும்பைத் தேய்த்தாலும் உள்ள விதிதான்.

கணவரின் பொயிலருக்குள் இருப்பதும் இதே வனேடியம்தான், ஆனால் கோலம் வேறு. ஒட்சிசனோடு சேர்ந்து வனேடியம் பென்டொட்சைட்டு என்ற தூளாக, மூச்சோடு உள்ளே போகும் உருவில் நிற்கிறது. ஸ்பனரில் பூட்டிக் கிடந்த பொருள் இங்கே திறந்துவிட்ட மாதிரி. எந்த உருவில் இருக்கிறது, எந்த வழியால் உடம்புக்குள் போகிறது என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டால் உங்கள் மூன்று கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.

பொயிலருக்குள் யாரும் வனேடியத்தைக் கொண்டுபோய்ப் போடுவதில்லை. எண்ணெயே கொண்டுவருகிறது. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலில் வாழ்ந்த பாசிகளின் பச்சையம் மண்ணுக்கடியில் சிதைந்தபோது, அதன் நடுவிலிருந்த மக்னீசியத்தின் இடத்தில் வனேடியம் வந்து குந்திக்கொண்டது. மசகெண்ணெயில் அந்தச் சேர்வையை 1930களில் அல்பிரட் டிரைப்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்டுபிடித்தார். எண்ணெய் உயிர்களிலிருந்து வந்தது என்பதற்கு அது ஒரு பலமான சாட்சியாகவும் ஆனது. மசகெண்ணெயைக் காய்ச்சிப் பெற்றோலும் டீசலும் எடுத்த பிறகு அடியில் மிஞ்சும் தடித்த உலை எண்ணெயில் இந்த வனேடியம் ஏறக்குறைய முழுவதும் தங்கிவிடுகிறது. கப்பல்களுக்கு விற்கும் வழக்கமான கனத்த எண்ணெயில் கிலோவுக்கு 350 மில்லிகிராம் வரை சர்வதேசத் தரம் அனுமதிக்கிறது. வெனிசுவேலா எண்ணெய் இதில் பேர்போனது. கிலோவுக்கு வெறும் 100 மில்லிகிராம் என்றே வைத்தாலும், 1000 தொன் எண்ணெய் எரிந்தால் 100 கிலோ வனேடியம் பின்னால் நிற்கும். எண்ணெய் எரிந்து போய்விடும், இது போகாது. குழாய்களில் பொருக்காகப் படியும். நம் நாட்டில் சப்புகஸ்கந்தை, கெரவலப்பிட்டி போன்ற இடங்களில் உலை எண்ணெய் எரிப்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கே வேலை செய்கிறவர்களும் இந்தச் சாம்பலை அறிவார்கள்.

பொருக்கு குழாயையும் தின்னும். பென்டொட்சைட்டு உருகுவது ஏறக்குறைய 690 பாகை செல்சியஸில், சோடியத்தோடு கலந்தால் அதைவிடக் கீழேயே. உருகிய பொருக்கு உருக்குக் குழாயின் காப்புப் படையைக் கரைத்துவிடும். அதனால்தான் நல்ல நிலையங்களில் எண்ணெயோடு மக்னீசியச் சேர்வை கலந்து, பொருக்கு உருகாமல் தூளாக உதிரும்படி செய்கிறார்கள். குழாய்க்கு அது நல்லது. அந்தத் தூளைத் துடைக்கப் போகிறவனுக்கு?

1990களின் நடுவில் என் முதல் சட்டவுன், அதாவது பொயிலரை நிறுத்தித் துப்புரவாக்கும் காலம். மேன்ஹோல் வழியாகத் தலை நுழைத்தால் உள்ளே இன்னும் வெக்கை. கையில் கம்பி பிரஷ், சுரண்டி, ஒரு டோர்ச் லைட். குழாய்களில் கறுப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பொருக்கு, தட்டினால் கிண்ணென்று உடைந்து மாவாய்ப் பறக்கும். நெருப்புக்குச்சி உரசின மாதிரி மணம், வாயில் செப்புக்காசு சப்பின மாதிரி ருசி. முகத்துக்கு ஒரு துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், கட்டினோம். மூன்றாம் நாள் பின்னேரம் மூக்கால் தண்ணீர், பிறகு இருமல். வெள்ளிக்கிழமை சவரம் பண்ணக் கண்ணாடியைப் பார்த்தால் நாக்கு நடுவில் பாசி படிந்த மாதிரிக் கரும்பச்சை. போர்மன் சிரித்துக்கொண்டே ஒரு பெட்டி பால் தந்து, குடித்தால் போய்விடும் என்றார். வயிற்றுக்குப் போகிற பால் நெஞ்சுக்குள் இருக்கிற தூளை எப்படிக் கழுவும் என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் பல கேம்பில் அந்தப் பால் வைத்தியம் நடக்கிறது. குடிக்கட்டும், பிழையில்லை. ஆனால் மாஸ்குக்குப் பதிலாகப் பால் தருகிற இடம் என்றால் யோசிக்க வேண்டும்.

அந்தப் பச்சை என்ன என்பது பல வருடம் கழித்து, மகள் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த காலத்தில்தான் எனக்கு வடிவாக விளங்கியது. வனேடியம் நிறம் மாறுகிற சாமான். ஒட்சியேற்ற எண் (எத்தனை இலத்திரனை இழந்து நிற்கிறது என்ற கணக்கு) ஐந்தில் மஞ்சள், நாலில் நீலம், மூன்றில் பச்சை, இரண்டில் ஊதா. மஞ்சள் கரைசலில் அமிலமும் நாகம் (சிங்க்) என்ற உலோகத் துண்டும் போட்டால் ஒரே குடுவைக்குள் நாலு நிறமும் வரிசையாக வந்துபோகும். 1801இல் மெக்சிக்கோவில் இதை முதலில் கண்ட டெல் ரியோ "எல்லா நிறமும்" என்று பொருள்படத்தான் பெயர் வைத்தார். அது வெறும் குரோமியம் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் சொல்ல, பாவம், மனிதர் தன் கண்டுபிடிப்பையே கைவிட்டுவிட்டார். 1830இல் சுவீடனில் செப்ஸ்ட்ரோம் திரும்பக் கண்டு, வனாடிஸ் என்ற அழகுத் தெய்வத்தின் பெயரை வைத்தார். பொயிலர்த் தூளில் பெரும்பகுதி ஐந்தாம் நிலை. அது ஈர நாக்கில் படிந்து கீழ்நிலைக்கு இறங்கும்போது பச்சையாகிறது. பள்ளிக்கூடக் குடுவையில் நடப்பதுதான் உங்கள் கணவரின் நாக்கிலும் நடக்கிறது.

ஆக, பச்சை நாக்கு தன்னளவில் ஒரு நோய் கிடையாது. வேலையை விட்டால் சில நாளில் போய்விடும். ஆனால் வாய்வரை வந்த தூள் மூச்சோடும் போயிருக்கும் என்பதற்கு அது கையெழுத்துப் போட்ட சாட்சி. அந்த நாக்கோடு ஒருவர் "எனக்கு மாஸ்க் சரியாக இருக்கு" என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

நெஞ்சுக்கு என்ன செய்கிறது? கண் எரிவு, மூக்கால் ஓடுதல், சில பேருக்கு மூக்கால் இரத்தம், தொண்டை கரகரப்பு, பிறகு வறட்டு இருமல், இழுப்பு, நெஞ்சு இறுக்கம். உடனே வராது. சில மணி நேரம், சில வேளை ஒரு நாள் கழித்து வரும். அதனால் ஆட்கள் ஏசியையும் தூசிக் காற்றையும் குற்றம் சொல்வார்கள். பொயிலர் வேலைகாரர்களின் இந்த மூச்சுக்குழாய் அழற்சி, மேல்நாட்டு மருத்துவ நூல்களில் தனிப் பெயரோடு இருக்கிற பழைய வியாதி. 1967இல் வெளியான ஒரு பரிசோதனையில் சம்மதித்து வந்த சிலரை, ஒரு கன மீற்றர் காற்றில் 1 மில்லிகிராம் பென்டொட்சைட்டுத் தூள் உள்ள அறையில் 8 மணி நேரம் இருத்தினார்கள். இருமல் 8 நாள் நிற்கவில்லை. 0.1 மில்லிகிராமில் இருந்தவர்களுக்கும் மறுநாள் சளி கட்டி, நாலு நாளில்தான் தெளிந்தது. அதேவேளை நுரையீரல் அளவைகளில் மாற்றம் காணவில்லை. எக்ஸ்றே சுத்தம் என்று கேம்ப் வைத்தியர் சொல்வதை வைத்து இருமல் பொய் என்று முடிவெடுக்க முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்கச் சட்டப்படி வேலைத்தலக் காற்றில் இந்தத் தூள் 0.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பரிசோதனையில் ஆட்களுக்குத் தொல்லை தொடங்கியது அதற்கு எவ்வளவோ கீழே. அங்குள்ள தொழிற்சுகாதார நிபுணர் சபை பரிந்துரைப்பது வனேடியமாகக் கணக்கிட்டு 0.05. "அளந்து பார்த்தோம், லிமிட்டுக்குள் இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த லிமிட் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஒரு தரம் பட்டு வேலையை விட்டவருக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் சுகமாகும். சட்டவுன் சட்டவுனாக வருடக்கணக்கில் படுகிறவர்களுக்கு இருமல் நிரந்தரமாகலாம், சிலருக்குப் பிறகு சொற்பத் தூள் பட்டாலும் முட்டு எழும்பும். முன்னமே ஆஸ்துமா உள்ளவர் அந்த மேன்ஹோலுக்குள் தலையே வைக்கக்கூடாது.

புற்றுநோய் பற்றி நேராகச் சொல்கிறேன். அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் இரண்டு வருடம் எலிகளுக்குப் பென்டொட்சைட்டுத் தூளை மூச்சோடு கொடுத்து, 2002இல் முடிவை வெளியிட்டது. சுண்டெலிகளுக்கு நுரையீரல் கட்டி தெளிவாக வந்தது, பெரிய எலிகளில் ஆண்களுக்கு ஓரளவு. அதை வைத்து சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. மனிதரில் போதிய சான்று இல்லை என்பதால் அதற்கு மேல் ஏற்றவில்லை. மூன்று கிழமை வேலைக்காக இரவு நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து வருடம் வெறும் துணியைக் கட்டிக்கொண்டு இந்த வேலை செய்யலாம் என்றும் எண்ண வேண்டாம். அவர் சிகரெட் பிடிப்பவரானால், கவலையில் பெரும்பங்கை அதற்கு ஒதுக்குங்கள்.

அவர் அங்கே கேட்டு வாங்க வேண்டியது சரியான மாஸ்க். கொரோனாக் காலத்து நீல மாஸ்க் இதற்கு உதவாது. பொயிலருக்குள் பறக்கும் தூளுக்கு, முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் ரப்பர் மாஸ்க், அதில் உயர்தரத் தூசு வடிகட்டி, கண்ணையும் மூடினால் இன்னும் நல்லது. இங்கே நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சிக்கல்: தாடி வைத்திருந்தால் அந்த ரப்பர் ஓரம் ஒட்டாது, தூள் பக்கத்தால் போகும். தாடியை வழிக்கச் சொல்லிச் சண்டை பிடித்த போர்மன்களைக் கண்டிருக்கிறேன். சண்டை தேவையில்லை. இடுப்பில் சிறு விசிறியும் வடிகட்டியும் கட்டி, தலையை மூடும் தளர்வான தொப்பிக்குள் சுத்தக் காற்றை ஊதும் வகை இருக்கிறது, தாடிக்கு அது பொருந்தும். விலை கூட, அதனால்தான் கேட்டால் மட்டும் வெளியே வரும்.

சுரண்டுவதற்கு முன் தண்ணீர் அடித்து நனைத்தால் தூள் பறக்காது. ஆனால் எண்ணெய்ச் சாம்பலில் கந்தகச் சேர்வைகள் உள்ளதால் அந்தத் தண்ணீர் அமிலமாகிவிடும். சோடா கலந்துதான் கழுவ வேண்டும், கையுறையும் பூட்ஸும் இல்லாமல் நின்றால் தோல் வெந்துவிடும். என் கணுக்காலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. வேலை உடுப்பை அறைக்குக் கொண்டுபோகக் கூடாது, மற்ற உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவும் கூடாது. லீவில் வரும்போது அந்த ஓவரோலைச் சூட்கேசில் போட்டுக் கொண்டுவந்து, பிள்ளைகள் உள்ள வீட்டில் உதற வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

வந்த பிறகு கல்முனையிலோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ காட்டினால், "இருமல்" என்று தொடங்காமல் "எண்ணெய் பொயிலருக்குள் சாம்பல் சுரண்டினேன்" என்று தொடங்கச் சொல்லுங்கள். நம் வைத்தியர்களுக்கு அரிசி ஆலை பொயிலர் பழக்கம். சம்மாந்துறைப் பக்கம் உமி எரிக்கும் அந்தச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, அது வேறு தொல்லை. எண்ணெய் என்ற சொல் வந்தால்தான் வனேடியம் நினைவுக்கு வரும். சிறுநீரில் வனேடியம் பார்க்கலாம்தான், ஆனால் உடம்பு அதைச் சில நாளிலேயே பெரும்பாலும் கழித்துவிடுவதால், வேலை முடிந்து மாதம் கழித்துப் பார்த்துப் பயன் குறைவு. ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை பயன்படும். முறிவு மருந்து என்று வழக்கத்தில் ஒன்றும் இல்லை. தூளிலிருந்து விலகுவதும், இழுப்புக்குரிய பம்ப்பும்தான் வைத்தியம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால், நாக்கு பச்சையோ நீலமோ, காசநோய்க்குச் சளியைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். நெருக்கமான கேம்ப் அறைகளில் அதுவும் தொற்றும்.

மற்றத் தொழில்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த தொடுகை முறை நினைவிருக்கும்: கந்தகவீரொட்சைட்டை மூவொட்சைட்டாக்கிச் சல்பூரிக்கமிலம் செய்வதற்கு ஊக்கி இதே பென்டொட்சைட்டு. அம்பாறை வயலுக்குப் போடும் டி.எஸ்.பி. பசளைக்கும் கார் பற்றரிக்கும் பின்னால் அந்த அமிலம் இருக்கிறது. அமிலத்தில் வனேடியம் வராது. ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறை ஊக்கி மணிகளைக் கொட்டிச் சலிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொயிலர்காரரின் அதே இருமல் வரும். விமான உதிரிகளுக்கும் எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடுகளுக்கும் போகும் டைட்டேனியக் கலப்புலோகத்தில் நூற்றுக்கு நாலு பங்கு வனேடியம். மட்பாண்டத்துக்கு நீலமும் மஞ்சளும் தருகிறது. நெசவு ஊர்க்காரி என்பதால் இதையும் சொல்கிறேன்: பருத்திக்குக் கறுப்பேற்றும் அனிலீன் சாயத்துக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே இதன் உப்பைச் சொட்டுக் கணக்கில் சேர்த்தார்கள். 1980களில் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலஸ்-கசாகோஸ் குழுவினர் இதன் நாலு நிறக் கரைசல்களை வைத்தே பெரிய பற்றரி ஒன்று செய்தார்கள். சூரிய மின்சாரத்தைச் சேமிக்க இப்போது அதற்கு மவுசு.

தம்பியின் போத்தலுக்கு வருவோம். அதில் இருப்பது வனடைல் சல்பேட்டு, நாலாம் நிலை, நீல உப்பு. கதை முழுப் பொய் இல்லை. 1899இலேயே பிரான்சில் சீனி வருத்தக்காரர்களுக்கு வனேடிய உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் செய்கிற வேலையில் கொஞ்சத்தை இது செய்வது ஆய்வுகூடத்தில் தெரிந்த விடயம். 1990களில் சிறு சிறு குழுக்களில் நாளுக்கு 100 மில்லிகிராம் அளவில் கொடுத்தபோது சிலருக்குச் சீனி கொஞ்சம் இறங்கியது, பலருக்கு வயிற்றோட்டமும் வயிற்று முறுக்கும் வந்தது. மருந்தாக அது தேறவில்லை. சாப்பாட்டில் நமக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது ஒரு மில்லிகிராமின் ஐம்பதில் ஒரு பங்கு அளவு, மிளகிலும் காளானிலும் சிப்பியிலும் கொஞ்சம் கூட. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2001இல் வளர்ந்தவருக்கு வகுத்த மேலெல்லை நாளுக்கு 1.8 மில்லிகிராம் வனேடியம். விலங்குகளில் சிறுநீரகம் கெட்டதைப் பார்த்து வகுத்த எல்லை அது. போத்தலின் லேபலை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீனி வருத்தம் உள்ள உம்மாவின் சிறுநீரகம் ஏற்கெனவே பாரம் சுமக்கிறது. கிளினிக்கில் தரும் மெட்போமினோடு சேர்த்து இதைக் கொடுக்கவே வேண்டாம். தம்பியின் தசை இதனால் பெருக்காது, போன காசும் வராது.

அவரைத் திரும்பி வரச் சொல்வதா? இழுப்பு இரவில் எழுப்புகிறது, படியேற மூச்சு வாங்குகிறது, சளியில் இரத்தம், அல்லது முன்பு ஆஸ்துமா இருந்தது என்றால் அந்தப் பொயிலரை விட்டு உடனே வெளியே வர வேண்டும். ஊருக்கு இல்லாவிட்டாலும் வேறு பிரிவுக்கு. வெறும் இருமலும் நாக்கும்தான், சரியான மாஸ்கும் கிடைக்கிறது என்றால் சட்டவுனை முடித்துக்கொண்டு வரலாம்.

இன்றிரவு அவர் கோல் எடுக்கும்போது நாக்கைக் காட்டச் சொல்லாதீர்கள். நிறையக் காற்றை இழுத்து, விநாடிக்கு இரண்டாக, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். சுகமான ஆள் 30ஐத் தாண்டுவார். 15க்குள் நின்றுபோனால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம், அப்போதே கேம்ப்காரர்களைக் கொண்டு வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.